மலைச்சாலையில் மிதிவண்டி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள மூணாற்றிலிருந்து, தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள டாப் ஸ்டேஷன் வரை செல்லும் சாலை ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளமுடையது. ஜீப்பிலோ பேருந்திலோ செல்பவர்கள் இதனைச் சன்னல் வழியாகப் பார்த்தபடி விரைவில் கடந்துவிடுவர். அண்மைக் காலத்தில் இச்சாலையையும், இதிலிருந்து இருபுறமும் பிரிந்து செல்லும் தோட்டப் பாதைகளையும் மிதிவண்டியில் கடக்க விரும்பி வருவோரும் உளர். காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடும் பயணம் அது. வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னே செல்ல, மற்றவர்கள் அவரைப் பின்தொடர்வர். அவரை வழிகாட்டி என்று அழைக்கின்றனர்.

சாலை ஒன்றுதானே, இதற்கு வழிகாட்டி எதற்கு என்னும் ஐயம் எழக்கூடும். தார்ச்சாலையை விட்டு இறங்கிய உடனே அந்த ஐயம் தீர்ந்துவிடும். தேயிலைத் தோட்டத்துள் செல்லும் மண்பாதைகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு பாதை அடுத்த மலைக்குச் செல்லும். மற்றொன்று தொழிலாளர் குடியிருப்பில் முடியும். இன்னொன்று ஓடையின் கரையில் மறைந்துபோகும். பனிமூட்டம் இறங்கினால் இருபது அடிக்கு அப்பால் எதுவும் புலப்படாது. எந்தப் பாதை தோட்டத்தாருக்கு உரியது, எது வனத்துறையின் எல்லைக்குள் வருவது, எங்கு முன்னரே இசைவு பெற வேண்டும் என்பனவற்றை அவ்வூரில் வாழ்பவரே அறிவர். முந்தைய இரவு யானை எப்பக்கம் சென்றது என்னும் செய்தியும் அவர் காதுக்கே முதலில் வந்து சேரும்.

பாலக்காட்டுப் பகுதியில் வாழும் சிறுவர்களுக்கு மிதிவண்டி புதிதன்று. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சாலைகள் பெரும்பாலும் சமதளமானவை. நெல்வயல்களுக்கும் பனைமரங்களுக்கும் இடையே, வாய்க்கால் கரையோரமாக எந்தச் சிரமமும் இன்றிப் பல கிலோமீட்டர் செல்லலாம். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு இடைவெளி விட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாய் அது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே மலையே இல்லை. அங்கு மிதிவண்டி ஓட்டுபவரின் வலிமையைச் சோதிப்பது காற்று. தென்மேற்குப் பருவக்காலத்தில் கணவாய் வழியாகக் காற்று கிழக்கு நோக்கிப் பாயும். பாலக்காட்டிலிருந்து எல்லையை நோக்கி வரும்போது யாரோ முதுகைத் தள்ளிவிடுவதுபோல் இருக்கும். திரும்பிச் செல்லும்போது அதே சாலை இரு மடங்கு நீண்டுவிட்டதுபோல் தோன்றும். காற்றோடு போராடிப் பழகிய கால்களுக்கும் மூணாற்றின் ஏற்றம் ஒரு புதிய பாடமே.

மலையில் ஓட்டும் மிதிவண்டி வேறு வகையானது. அதன் டயர்கள் அகலமானவை. அவற்றின் மேற்பரப்பில் கட்டை கட்டையாகப் புடைப்புகள் இருக்கும். ஈரமண்ணில் வழுக்காமல் பற்றிக்கொள்வதற்காக அவ்வாறு செய்யப்பட்டுள்ளது. முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் சுருள்வில்லோ காற்றடைத்த குழாயோ பொருத்தப்பட்டிருக்கும். கல்லின்மீது சக்கரம் ஏறும்போது அந்த அதிர்ச்சி ஓட்டுபவரின் மணிக்கட்டை எட்டாதவாறு அது வாங்கிக்கொள்ளும். நகரத்து மிதிவண்டியில் டயரில் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும் என்பர். மலைப்பாதையில் அதனைச் சற்றுக் குறைத்து வைப்பதே வழக்கம். டயர் சிறிது அமுங்கினால்தான் மண்ணோடு அதற்குத் தொடர்பு மிகும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது கியர் அமைப்பு. மிதிகட்டையோடு இணைந்த முன் பற்சக்கரத்தில் 32 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். பின்சக்கரத்தில் சிறியதும் பெரியதுமாகப் பல பற்சக்கரங்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் 11 பற்கள் உள்ள சிறிய சக்கரத்தில் சங்கிலி ஓடும்போது, மிதிகட்டையை ஒருமுறை சுழற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ மூன்று முறை சுழலும். வண்டி 6 மீட்டருக்கும் மேல் முன்னேறும். 51 பற்கள் உள்ள பெரிய சக்கரத்திற்குச் சங்கிலியை மாற்றினால், அதே ஒரு சுழற்சிக்கு வண்டி ஒன்றரை மீட்டர்கூடச் செல்லாது. தொலைவு குறைகிறது, அதற்கு ஈடாக ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படும் விசையும் குறைகிறது. செங்குத்தான மலைமீது நேரே ஏறாமல் வளைந்து வளைந்து செல்லும் சாலையை அமைப்பதும் இதே கணக்குத்தான். ஏற்றம் தொடங்கிய பிறகு கியரை மாற்ற முயல்பவர்கள் சங்கிலியைச் சிக்கவைத்துக்கொள்வர். ஏற்றம் கண்ணில் பட்டவுடனேயே மாற்றிவிட வேண்டும் என்பது வழிகாட்டிகள் முதலில் கற்பிக்கும் செய்தி.

புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு வண்டியும் சோதிக்கப்படும். முன், பின் பிரேக்குகள் பிடிக்கின்றனவா, சக்கரத்தின் அச்சு இறுக்கமாக உள்ளதா, சங்கிலியில் எண்ணெய் உள்ளதா என்று வழிகாட்டி பார்ப்பார். இருக்கையின் உயரம் ஆளுக்கு ஏற்ப மாற்றப்படும். தலைக்கவசம் இல்லாதவரை அவர் அழைத்துச் செல்லமாட்டார். இதில் பெரியவர், சிறியவர் என்னும் வேறுபாடு இல்லை. அவருடைய தோள்பையில் மாற்று டியூப், சிறிய பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், சங்கிலியை இணைக்கும் கருவி, முதலுதவிப் பெட்டி ஆகியவை இருக்கும். சிறு பொட்டலத்தில் உப்பும் இருக்கக்கூடும். மழைக்குப் பின் புல்வழியில் நடந்தால் காலில் அட்டை ஏறும். அதன்மேல் உப்பை வைத்தால் பிடியை விட்டுவிடும்.

மூணாறு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடமாதலால் அவ்வூருக்கு அப்பெயர். மூன்று ஆறு என்பதே பேச்சு வழக்கில் மூணாறு ஆயிற்று. மார்கழி, தை மாதங்களில் இங்கு விடியற்காலைக் குளிர் உறைநிலையைத் தொடுவதுண்டு. புல்நுனியிலும் தேயிலையின்மீதும் உறைபனி வெள்ளையாகப் படியும். ஆகவே பயணிகள் தடித்த மேலாடையோடு புறப்படுவர். முதல் ஏற்றத்தில் பாதியைக் கடப்பதற்குள் அதனைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வர்.

மாட்டுப்பட்டி வரையிலான முதல் 13 கிலோமீட்டர், தேயிலைத் தோட்டங்களின் நடுவே செல்கிறது. அந்நேரத்தில்தான் தொழிலாளர்களும் மலைமேல் ஏறுவர். பெரும்பாலோர் பெண்கள். இடுப்பில் தடித்த படுதாவைக் கட்டி, தலையில் துணியைச் சுற்றி, தோளில் பையைத் தொங்கவிட்டிருப்பர். கொழுந்தைக் கையால் கிள்ளுவதும் உண்டு. பெட்டி பொருத்திய கத்தரியால் வெட்டுவதும் உண்டு. மிதிவண்டியில் மூச்சுவாங்க ஏறிவரும் பிள்ளைகளைக் கண்டால், “எந்த ஊருப் பிள்ளைக? சாப்ட்டீகளா?” என்று அவர்கள் கேட்பர். கேரளத்தின் மலைமீது ஒலிக்கும் அப்பேச்சு தென்பாண்டி நாட்டுத் தமிழ். சென்னையிலோ, தில்லியிலோ, வேறு நாட்டிலோ வளரும் பிள்ளை ஒருவருக்குத் தம் பாட்டியின் குரல் அங்குக் கேட்டதுபோல் இருந்தால் வியப்பதற்கில்லை.

அக்குரல் அங்கு வந்த வரலாறு நீண்டது. 1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து இம்மலைப்பகுதியைக் குத்தகைக்குப் பெற்றார். முதலில் சிங்கோனா, காப்பி, ஏலம் முதலியன பயிரிடப்பட்டன. இறுதியில் தேயிலையே நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் தோன்றியது. காட்டைத் திருத்தவும் செடி நடவும் ஆட்கள் தேவைப்பட்டனர். கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளின் சிற்றூர்களுக்குச் சென்று, முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக அழைத்துவந்தனர். அவர்களுள் பலர் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து மலையில் நடந்தே ஏறினர். சட்டியும் பானையும் தலையில், கைக்குழந்தை இடுப்பில். இன்று மிதிவண்டிக்காரர்கள் விளையாட்டாக ஏறும் உயரத்தை அவர்கள் பிழைப்புக்காக ஏறினார்கள்.

அவர்களுக்கும் முன்னரே இம்மலையில் வாழ்ந்தவர்கள் முதுவர் என்னும் பழங்குடியினர். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். அவர்கள் பேசும் மொழியும் தமிழோடு நெருங்கிய உறவுடையது.

மாட்டுப்பட்டி அணை 1950களில் கட்டி முடிக்கப்பட்டது. நீர்த்தேக்கத்தின் கரையோரமாகச் சாலை சிறிது தொலைவு சமமாகச் செல்வதால் கால்களுக்கு ஓய்வு கிடைக்கும். அப்பகுதியின் புல்வெளிகளில் 1963இல் இந்திய–சுவிட்சர்லாந்து கால்நடை வளர்ப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. பயணிகள் இறங்கிநின்று எதிரொலி கேட்கும் இடமும் இவ்வழியிலேயே உள்ளது. ஆனால் வழிகாட்டியின் கண்கள் காட்சியின்மீது நிலைத்திருப்பதில்லை, எதிர்க்கரையில் இருக்கும். யானைகள் நீர் அருந்தவும் புல் மேயவும் இறங்கும் கரை அது. யானையைக் கண்டால் செய்ய வேண்டியவை சில. முன்னே செல்பவர் கை உயர்த்தியதும் அனைவரும் நிற்க வேண்டும். மணி அடிக்கக் கூடாது, கூவக் கூடாது, படம் எடுப்பதற்காக நெருங்கவும் கூடாது. ஓசையின்றி வண்டியைத் திருப்பி, வந்த வழியே பின்வாங்க வேண்டும். மிதிவண்டியால் வரும் தனி ஆபத்து ஒன்றுண்டு. மோட்டார் வண்டி வரும் ஓசையை யானை தொலைவிலேயே கேட்டு விலகிவிடக்கூடும். மிதிவண்டியோ ஓசையின்றி வளைவைக் கடந்து அதன் அருகிலேயே போய் நிற்கும். இதனால்தான் குருட்டு வளைவுகளில் வேகத்தைக் குறைக்குமாறு வழிகாட்டி மீண்டும் மீண்டும் கூறுகிறார்.

குண்டளை அணையைக் கடந்து எல்லப்பட்டியை நெருங்கும்போது ஏற்றம் கடுமையாகும். இவ்விடத்தில் பெரும்பாலோர் வண்டியிலிருந்து இறங்கித் தள்ளுவர். அதில் இழிவு ஒன்றுமில்லை. இறங்கி நடப்பவருக்குத்தான் சாலையோரத்தில் உள்ள பழைய தடங்களைப் பார்க்கும் வாய்ப்பு வாய்க்கும். ஏனெனில் இச்சாலை சென்ற பள்ளத்தாக்கில்தான் ஒரு காலத்தில் தொடர்வண்டி ஓடியது.

குண்டளைப் பள்ளத்தாக்குத் தொடர்வண்டி என்று அதற்குப் பெயர். 1902இல் அது தொடங்கியபோது, வழக்கமான இரட்டைத் தண்டவாளம் அதற்கு இல்லை; ஒற்றைத் தண்டவாளமே இருந்தது. பெட்டியின் சிறிய சக்கரங்கள் அத்தண்டவாளத்தின்மீது உருளும். பெட்டி சாய்ந்துவிடாமல் இருக்க, பக்கவாட்டில் பொருத்திய பெரிய சக்கரம் ஒன்று சாலையின்மீது உருண்டு வரும். இழுப்பதற்கு எஞ்சின் இல்லை, காளைகளே இழுத்தன. மிதிவண்டி பழகும் சிறு குழந்தைக்குப் பின்சக்கரத்தின் அருகே துணைச் சக்கரம் பொருத்துவார்களே, ஏறத்தாழ அதே முறைதான். ஓடும் மிதிவண்டிக்கு அந்தத் துணை தேவையில்லை. அது சாயத் தொடங்கும்போதெல்லாம் ஓட்டுபவர் தம்மை அறியாமலே கைப்பிடியைச் சாயும் பக்கம் சிறிது திருப்புகிறார், சக்கரங்கள் உடலின் எடைக்கு நேர் கீழே வந்து சேர்கின்றன, வண்டி நிமிர்கிறது. காளை மெல்ல இழுத்துச் செல்லும் பாரப்பெட்டியில் அவ்வாறு செய்ய இயலாது என்பதால்தான் பெரிய சக்கரம் தேவைப்பட்டது.

1908இல் ஒற்றைத் தண்டவாளம் அகற்றப்பட்டு, இரண்டடி அகல இருப்புப்பாதை போடப்பட்டது. சிறிய நீராவி எஞ்சின்கள் மலைமேல் வந்தன. மூணாற்றுத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் இப்பாதையில் மேலே சென்று இறங்கிய கடைசி நிலையமே டாப் ஸ்டேஷன். பெயருக்கு ஏற்ப உச்சி நிலையம். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி பெட்டிகள் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழே உள்ள கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர்; அதன்பின் தொடர்வண்டியிலும் கப்பலிலும் இங்கிலாந்து வரை. தேயிலை சென்ற பாதை இவ்வாறு கேரளத்தின் மலையில் தொடங்கித் தமிழ்நாட்டின் சமவெளியில் இறங்கியது. ஆள் ஏறிய பக்கமாகவே பண்டம் இறங்கியது.

1924ஆம் ஆண்டு சூலை மாதம் பெய்த பெருமழை அனைத்தையும் மாற்றிவிட்டது. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் கேரள மக்கள் அதனைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் குறிப்பிடுகின்றனர். மலைகள் சரிந்தன, ஆறுகள் பெருகின, மூணாறு நகரம் மூழ்கியது. இருப்புப்பாதை சிதைந்துபோயிற்று. அதன்பின் அது சீரமைக்கப்படவே இல்லை. பதினாறே ஆண்டுகள் ஓடிய எஞ்சின்களை நேரில் கண்டவர்கள் இப்போது எவரும் இல்லை. டாப் ஸ்டேஷன் என்னும் பெயர் மட்டும் பேருந்தின் பலகையில் நிற்கிறது. தொடர்வண்டியே இல்லாத ஊருக்கு நிலையம் என்று பெயர் எப்படி வந்தது என்று எண்ணாமலே பலர் அங்குச் சென்று திரும்புகின்றனர்.

டாப் ஸ்டேஷனை அடையும்போது நண்பகல் ஆகியிருக்கும். விளிம்பில் நின்று பார்த்தால் மலை செங்குத்தாக இறங்குகிறது. கீழே கொட்டகுடிப் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் தேனி மாவட்டத்துச் சமவெளி. மேற்கில் பச்சை, கிழக்கில் பழுப்பு. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் கேரளப் பக்கத்துச் சரிவில் பெய்துவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குவதால் வந்த வேறுபாடு இது. கட்டிக்கொண்டுவந்த புளிச்சோற்றை அங்கு அமர்ந்து உண்பர். சாலையோரக் கடைகளில் தேநீரும், கேரட்டும், வட்டவடைப் பூண்டும் கிடைக்கும். சுற்றியுள்ள சரிவுகளில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006இலும் 2018இலும் மலைகள் நீலநிறம் பூண்டன. மற்ற ஆண்டுகளில் அது பூவின்றி நிற்கும் புதராகவே காட்சி தரும். அப்போது அதனைக் குறிஞ்சி என்று அடையாளம் காட்ட வழிகாட்டி வேண்டும்.

ஏற்றம் கால்களைச் சோதிக்கிறது என்றால், இறக்கம் அறிவைச் சோதிக்கிறது. விபத்துகள் பெரும்பாலும் திரும்பும் வழியில்தான் நேரும். “தம்பி, முன் பிரேக்க மட்டும் பிடிக்காத. ரெண்டையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடி” என்று வழிகாட்டி கூறுவார். முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் முன்சக்கரம் நின்றுவிடும். உடலோ முன்னோக்கிச் செல்லும். ஓட்டுபவர் கைப்பிடியைத் தாண்டி விழுவார். பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் சுழலாமல் மண்ணில் சறுக்கும். இறக்கத்தில் மிதிகட்டைகள் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, அவற்றின்மீது நின்று, இடுப்பை இருக்கைக்குப் பின்னே தள்ளிக்கொள்ள வேண்டும். பார்வை முன்சக்கரத்தின்மீது இருக்கக் கூடாது. செல்ல வேண்டிய வழியின்மீது இருக்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவர் பள்ளத்திற்கே செல்வார்.

பிரேக்கை ஏன் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்? ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 75 கிலோகிராம் எடை என்று கொண்டால், 300 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அரை லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். எஞ்சியதில் பெரும்பகுதி பிரேக்கின் சிறிய தகட்டில் வெப்பமாக இறங்கும். இடைவிடாது பிடித்துக்கொண்டே வந்தால் தகடு ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. பிரேக்கின் பிடிப்பும் தளரும்.

மலைமிதிவண்டி என்னும் விளையாட்டு பிறந்த இடத்தில் இந்த வெப்பமே ஒரு பந்தயத்திற்குப் பெயர் தந்தது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்னும் பகுதியில் வாழ்ந்த இளைஞர்கள் சிலர், தடித்த டயர் பொருத்திய பழைய மிதிவண்டிகளில் மலைப்பாதையில் இறங்கிப் போட்டியிட்டனர். அவ்வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்தின் குடத்தினுள் இருந்தது. ஒரே ஓர் இறக்கத்தில் அதிலிருந்த கிரீஸ் முழுவதும் சூடேறிப் புகைந்துபோகும். ஒவ்வொரு முறையும் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. மறுபடியும் அடைத்தல் என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்னும் ஆங்கிலச் சொல்லே அப்பந்தயத்தின் பெயராயிற்று. முதல் பந்தயம் 1976இல் நடந்தது. மறு ஆண்டு அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ், மலைக்கென்றே தனியாக ஒரு வண்டியைச் செய்தார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியில் மலைமிதிவண்டி இடம்பெற்றது. கேரளத்திலும் திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடி மலையில் 2023 அக்டோபர் மாதம் ஆசிய மலைமிதிவண்டிப் போட்டி நடைபெற்றது.

போட்டிக்கென அமைத்த தடம் வேறு. மக்கள் வாழும் தோட்டப் பாதை வேறு. தோட்டப் பாதையில் கொழுந்து மூட்டை சுமந்து வருபவருக்கே முதலுரிமை. அவரைக் கண்டால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டும். மணியை அடித்து விலகச் சொல்வது முறையன்று. மழையில் நனைந்த மண்ணில் சக்கரம் சறுக்கினால் அந்தத் தடம் சிறு வாய்க்காலாக மாறும். அடுத்த மழையில் நீர் அதன் வழியே ஓடி மண்ணை அரிக்கும். பாதை கீழே உள்ள வீட்டின் முற்றத்தில் போய்ச் சேரும். இதனால் நல்ல வழிகாட்டிகள் மழைநாள்களில் மண்பாதைகளைத் தவிர்த்துவிடுகின்றனர். இரவிகுளம் தேசியப் பூங்காவிலும் தம் விருப்பம்போல் மிதிவண்டியில் சுற்ற இயலாது. வரையாடுகள் வாழும் அப்புல்வெளிகளில் வனத்துறை அனுமதிக்கும் வழியில் மட்டுமே பார்வையாளர்கள் செல்லலாம்.

மழையை இங்கு எவரும் எளிதாக எண்ணுவதில்லை. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. எழுபது பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் ஆவர். மூணாற்று வழிகாட்டிகளிடம் பெட்டிமுடியைப் பற்றிப் பயணிகள் கேட்பதுண்டு. அவர்கள் விடை சொல்லுமுன் சற்று நேரம் பேசாமல் இருப்பர்.

தொழிலாளர் குடியிருப்புக்கு ‘லயம்’ என்று பெயர். வரிசையைக் குறிக்கும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த சிறு வீடுகள். அவை தோட்ட நிறுவனத்திற்கு உரியவை. தோட்டத்தில் வேலை இருக்கும்வரை வீடும் இருக்கும். தாயோ தந்தையோ ஓய்வு பெற்றால், அவ்வீட்டில் வேறொருவர் வேலைக்குச் சேர்ந்தால் தங்கலாம்; இல்லையேல் வெளியேற வேண்டும். நான்கு தலைமுறையாக மூணாற்றில் வாழ்ந்தும் சொந்தமாக ஓர் அடி நிலம் இல்லாத குடும்பங்கள் பல. 2015 செப்டம்பரில் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்து, குறைக்கப்பட்ட போனசை மீண்டும் தரவும் கூலியை உயர்த்தவும் கோரிப் போராடினர். அப்போது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். அப்போராட்டத்தைப் பெண்களின் ஒற்றுமை என்று பொருள்படும் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரால் கேரளம் அறிந்தது.

அப்பெண்களின் பிள்ளைகளுக்கு முன்னே பொதுவாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தாயைப்போல் தோட்டத்தில் வேலைக்குச் சேர்வது. மற்றொன்று, கோயம்புத்தூர், திருப்பூர் என்று வெளியூர் செல்வது. சுற்றுலா மூன்றாவது வழியைக் காட்டுகிறது. ஜீப் ஓட்டுதல், மலையேற்றத்திற்கு வழிகாட்டுதல், மிதிவண்டிப் பயணம் நடத்துதல் ஆகியவற்றில் இளைஞர்கள் ஈடுபடுகின்றனர். சிறுவயதில் பள்ளிக்கு நடந்த குறுக்குவழிகளே இப்போது அவர்களுக்குத் தொழில்முதல். தமிழ், மலையாளம், சிறிது ஆங்கிலம் என மூன்று மொழிகளை அவர்கள் ஒரே மூச்சில் பேசுவர். எந்த மலைக்கு என்ன பெயர், எந்த ஓடையின் நீரைக் குடிக்கலாம், எந்தப் பாறையின்மேல் பாசி படியும் என்பனவற்றை எந்த வரைபடமும் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை. எனினும் இத்தொழில் நிலையானது என்று கூறிவிட முடியாது. சாலை சரிந்தால் பயணிகள் வருவதில்லை. நோய்த்தொற்று பரவிய 2020இல் மாதக்கணக்கில் ஒருவரும் வரவில்லை.

சூன் முதல் ஆகஸ்டு வரை மிதிவண்டிகள் பெரும்பாலும் கொட்டகையில் தொங்கும். வழிகாட்டிகள் அம்மாதங்களில் ஏலத்தோட்ட வேலைக்கோ, கட்டட வேலைக்கோ செல்வர். மழை ஓய்ந்ததும் வண்டிகளை இறக்கிச் சங்கிலியைக் கழுவி எண்ணெய் இடுவர். பிரேக் கட்டைகளை மாற்றுவர். ஆனால் உடனே பயணிகளை அழைத்துச் செல்வதில்லை. வழிகாட்டி முதலில் தாம் மட்டும் ஒருநாள் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சென்று வருவார். மண் சரிந்த இடம் எது, மரம் விழுந்த இடம் எது, யானை புதிதாக வழி அமைத்துக்கொண்ட இடம் எது என்று பார்த்துவைத்துக்கொண்ட பிறகே, அந்த ஆண்டின் முதல் குழுவுக்கு நாள் குறிப்பார்.